கடைசிப் 15 மீற்றரில் கை ஏன் கனக்கிறது?

50 மீற்றர் ப்ரீஸ்டைல் போட்டியொன்றின் கடைசிப் 15 மீற்றரை மட்டும் கவனித்துப் பாருங்கள். அதுவரை எல்லாரும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வருவார்கள். பிறகு ஒருவர் திடீரென்று வேகமெடுத்து முன்னே போவது போலத் தெரியும். அவர் வேகம் எடுக்கவில்லை. மற்றவர்களை விடக் குறைவாக வேகத்தை இழக்கிறார், அவ்வளவுதான். மேடையிலிருந்து பாய்ந்து தண்ணீருக்குள் நுழையும்போது இருப்பதுதான் உச்ச வேகம். அங்கிருந்து சுவரைத் தொடும் வரை எல்லாருக்கும் இறங்குமுகம். யாருக்கு மெதுவாக இறங்குகிறது என்பதில்தான் பதக்கம் தீர்மானமாகிறது.

கரையில் நிற்கிறவர்கள் "இழு தம்பி, விடாதே, இழு!" என்று கத்துவார்கள். பையனும் விடுவதில்லை. ஆனால் அவன் மனம் விடாவிட்டாலும் கை விட்டுவிடுகிறது. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே "கை ஏலாமல் போச்சு சேர்" என்பான். பதில் ஆயத்தமாக இருக்கும்: "ஸ்டமினா காணாது. நாளையிலிருந்து இன்னும் ஒரு கிலோமீற்றர் கூட நீந்து."

இந்தப் பதில் பிழை என்றுதான் நான் நினைக்கிறேன். 25, 30 செக்கனில் முடிந்துவிடுகிற போட்டியில் தீர்ந்து போவது ஸ்டமினா இல்லை. வேறு ஏதோ தீர்கிறது. அது என்னவென்று விளங்கினால் பயிற்சியின் முகமே மாறும். தடாகத்தில் நீந்தக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவாக உள்ள திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது மற்றவர்களை விட முக்கியம். கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் தவறான வேலையில் செலவழித்தால் என்ன மிஞ்சும்?

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற வேதிப்பொருள் வேண்டும். தசைக்குள் எந்நேரமும் இருக்கும் ஏடிபி முழு வேகத்தில் இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் காணும். அது குறையக் குறைய உடனே நிரப்பித் தருவது தசையிலேயே இருக்கும் கிரியேட்டின் பொஸ்பேட் என்ற இன்னொரு பொருள். அதன் கையிருப்பும் பத்துச் செக்கன் அளவில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். மூன்றாவது வழி, தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தை ஒட்சிசன் இல்லாமலே உடைப்பது. இது முதல் செக்கன்களிலேயே தொடங்கி, கிரியேட்டின் பொஸ்பேட் இறங்கும்போது பாரத்தை ஏற்கிறது. நான்காவது, ஒட்சிசனை வைத்து எரிப்பது. நிறையத் தரும், ஆனால் மெதுவாகத் தரும். 50 மீற்றரில் இதன் பங்கு சிறியது. 100 மீற்றரில் கணிசமானது. நான்கு வழிகளும் ஒன்றன் பின் ஒன்றாகத் திறப்பதில்லை, எல்லாமே சேர்ந்துதான் ஓடுகின்றன. எது முன்னே நிற்கிறது என்பதுதான் மாறுகிறது.

ஆகவே 50 மீற்றரின் நடுப்பகுதியைத் தாண்டும்போது மிக வேகமாக வலுவைத் தரும் இருப்பு அநேகமாக முடிந்திருக்கும். அடுத்த வழி அவ்வளவு வேகமாகத் தராது. வேகம் இறங்குவதற்கான முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் ஊரில் பிழையான கதை உலாவுகிறது. "லாக்டிக் அசிட் ஏறிட்டுது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்தக் கதைக்கு நூறு வயதுக்கு மேல். 1907இல் கேம்பிரிட்ஜில் தவளைத் தசையை வைத்து ஆராய்ந்தவர்கள், களைத்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் கண்டார்கள். பிறகு ஆர்ச்சிபால்ட் ஹில்லும் ஒட்டோ மேயர்ஹொப்பும் தசையின் வெப்பத்தையும் இந்த அமிலத்தையும் பற்றிச் செய்த வேலைக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்கள். களைப்பும் லாக்டிக் அமிலமும் ஒன்றாகக் காணப்பட்டதால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது.

1990களில் வந்த ஆய்வுகள் அந்தக் கதையைக் கலைத்துவிட்டன. பழைய பரிசோதனைகள் குளிர்ந்த நிலையில் செய்யப்பட்டவை. உடல் வெப்பநிலைக்குக் கிட்டக் கொண்டு வந்து செய்து பார்த்தபோது, அமிலத்தால் தசையின் விசை குறைவது எதிர்பார்த்ததை விட மிகக் கொஞ்சமாக இருந்தது. இன்று சந்தேகம் பெரும்பாலும் விழுவது கிரியேட்டின் பொஸ்பேட் உடையும்போது மிஞ்சுகிற பொஸ்பேட்டின் மேல். அது தசைநாருக்குள் குவிந்து, புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதைத் தளர்த்துகிறது. தசையைச் சுருங்கச் சொல்லும் கல்சியம் வெளிவருவதையும் குறைக்கிறது. இன்னொரு பக்கம், நரம்புத் துடிப்பு ஒவ்வொன்றோடும் பொட்டாசியம் தசைநாரை விட்டு வெளியே கசிந்து சேர்வதால், அடுத்த துடிப்புக்கு நார் மந்தமாகப் பதில் சொல்கிறது. ஐதரசன் அயன்கள் கூடும்போது வரும் அமிலத்தன்மைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. முக்கியமாக 100 மீற்றரின் இரண்டாவது பாதியில் கை எரிவதும், நிறுத்திவிடு என்று உடம்பு கெஞ்சுவதும் அதனோடு தொடர்புள்ளவை. ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது.

லாக்டிக் அமிலம் உடம்புக்குள் இருக்கும் வடிவமான லாக்டேட் என்பதோ உண்மையில் எரிபொருள். இதயம் அதை எடுத்து எரிக்கிறது, ஈரல் அதைத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்குகிறது. ஓய்வில் இரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் இருப்பது, உயிரைக் கொடுத்து நீந்திய 100 மீற்றருக்குப் பிறகு பத்தைத் தாண்டும். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்குக் கிட்ட வந்துவிடும். மறுநாள் காலையில் படியேறும்போது தொடை உளைகிறதே, அதற்கும் லாக்டிக் அமிலத்துக்கும் சம்பந்தமில்லை. அது தசைநாரில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். நீச்சலில் அப்படியான அசைவு குறைவு. அதனால்தான் தடாகத்தில் இரண்டு மணித்தியாலம் நீந்தியும் உளையாத கால், மணலில் இருபது தரம் குந்திப் பாய்ந்தால் இரண்டு நாளைக்கு உளைகிறது. "உளையவில்லை, அப்ப பயிற்சி காணாது" என்று கணக்குப் போடுவது நீச்சலுக்குச் சரிவராது.

மூன்றாவது காரணம் நரம்பில் இருக்கிறது. தசைநார்களில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குபவை ஒரு வகை, வேகமாகச் சுருங்கி விரைவில் களைப்பவை இன்னொரு வகை. இந்த வேக நார்களை மூளை கடைசியில்தான் கூப்பிடும். ஆறுதலாக நீந்தும்போது அவற்றுக்கு அழைப்பே போகாது. முழுப் பலத்தோடு இழுக்கும்போதுதான் அவை எல்லாம் வேலைக்கு இறங்குகின்றன. அப்போதும் நரம்பு மிக வேகமாகத் துடித்துக் கட்டளை அனுப்பவேண்டும். களைக்கும்போது அந்தத் துடிப்பின் வேகமும் குறைகிறது. ஆகவே நாளும் பொழுதும் மெதுவாக நீந்துகிற பிள்ளை, போட்டியில் தனக்குத் தேவையான நார்களைப் பயிற்சியில் தொடுவதேயில்லை.

இவ்வளவும் தசைக்குள் நடப்பது. தண்ணீர் இதை இன்னும் கடுமையாக்குகிறது. தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீந்துகிறவரைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடியோடு கூடுகிறது. வேகத்தை நூற்றுக்கு 5 வீதம் கூட்ட ஏறத்தாழ 16 வீதம் அதிக வலு வேண்டும். 10 வீதம் கூட்ட 33 வீதம். வலுவைக் கூட்டுவது இவ்வளவு சிரமம் என்பதால், தடையைக் குறைப்பது எப்போதும் லாபம். களைப்பு கெடுப்பதும் முதலில் அதைத்தான்.

களைத்த கையைத் தண்ணீருக்குள் முகக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தால் விளங்கும். களைக்குமுன் கை முன்னே நுழைந்ததும் முழங்கை உயர்ந்து நிற்க, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரே பலகையாகப் பின்னோக்கித் தண்ணீரைப் பிடிக்கும். களைத்ததும் முழங்கை முதலில் கீழே இறங்குகிறது. விரல்கள் மேலே பார்க்கின்றன. கை வேகமாகத்தான் வருகிறது, ஆனால் தோணியில் சரித்துப் பிடித்த துடுப்பு மாதிரித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சும்மா வருகிறது. அதே நேரம் தலை நிமிர்கிறது, இடுப்பு தாழ்கிறது, காலடி, அதாவது கால் உதைப்பு, அகலமாகிறது. தள்ளும் விசை குறைகிற அதே கணத்தில் தடை கூடுகிறது. கடைசிப் 15 மீற்றரில் வேகம் விழுவதற்கு இந்த இரட்டை அடிதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. எத்தனை தரம் கை போடுகிறார்கள் என்று எண்ணினால் போதும். முதல் 25 மீற்றருக்கு 16 கை போட்ட பிள்ளை, ஆறாவது தரம் அதே நேரத்துக்கு 19 கை போடுகிறாள் என்றால், அவள் களைத்துவிட்டாள். நேரம் இன்னும் கூடவில்லை என்பது கணக்கில்லை. நேரத்துக்கு முன்னமே கை எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அவள் பழகுவது முழங்கை இறங்கிய நீச்சலைத்தான். உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நல்ல நீச்சலையும் கெட்ட நீச்சலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

நம்மவர்களுக்கு நீச்சல் என்றால் நெடுந்தூரம்தான் நினைவுக்கு வரும். அதில் நியாயம் இருக்கிறது. 1954இல் மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 51 மணித்தியாலத்தில் போய்த் திரும்பியும் வந்தார். அந்தப் பெருமையில் வளர்ந்த நமக்கு, அதிக தூரம் நீந்துவதே அதிக உழைப்பு என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறிவிட்டது. நெடுந்தூரக்காரருக்கு அது சரி. 50 மீற்றர்காரருக்கு அதே அளவுகோல் பொருந்தாது.

உலகமும் இதே எண்ணத்தில்தான் நெடுங்காலம் இருந்தது. ஆண்களின் 50 மீற்றர் ப்ரீஸ்டைல் நவீன ஒலிம்பிக்கில் நிலையான இடம் பிடித்ததே 1988 சோல் போட்டியில்தான். அதன் பிறகும் குறுந்தூரக்காரர்கள் நாளுக்கு இரண்டு தரம், மற்றவர்களோடு சேர்ந்து கிலோமீற்றர் கணக்கில் நீந்தினார்கள். 1991இல் அமெரிக்காவில் டேவிட் கொஸ்டிலும் அவரது குழுவினரும் பல்கலைக்கழக நீச்சல் வீரர்களை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பகுதியினர் நாளுக்கு ஒரு தரம் ஒன்றரை மணித்தியாலம் நீந்தினார்கள். மற்றவர்கள் ஆறு கிழமைக்கு அதை இரண்டு தரமாக்கினார்கள். இரட்டிப்பாக நீந்தியவர்களுக்கு மேலதிக நன்மை எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுடைய குறுந்தூர வேகம் குறைந்தும் போனது.

இதை வாழ்ந்து காட்டியவர் அவுஸ்திரேலியாவின் கமரூன் மெக்கவோய். 2016இல் 100 மீற்றரை 47.04 செக்கனில் நீந்தி, ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்துக்கு எதிர்பார்க்கப்பட்டவர் இறுதிப் போட்டியில் ஏழாவதாக வந்தார். டோக்கியோவுக்குப் பிறகு ஒதுங்கி இருந்து, திரும்பி வந்தபோது பயிற்சியைத் தலைகீழாக மாற்றினார். முன்பு கிழமைக்குப் பத்துக் கணக்கான கிலோமீற்றர் நீந்தியவர் அதைச் சில கிலோமீற்றராகக் குறைத்தார். மிச்ச நேரத்தை ஜிம்மில் பலம் கூட்டுவதற்கும், முழு வேகத்தில் மிகக் குறுகிய தூரம் நீந்துவதற்கும், நன்றாக ஓய்வெடுப்பதற்கும் கொடுத்தார். தன் நான்காவது ஒலிம்பிக்கில், 30 வயதில், 2024 பாரிஸில் 21.25 செக்கனில் 50 மீற்றர் தங்கத்தை வென்றார்.

ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். மெக்கவோய் இந்த மாற்றத்தைச் செய்யும்போது அவருக்குப் பின்னால் பல வருட நெடும்பயிற்சி இருந்தது. 13 வயதுப் பிள்ளை அவரைப் பார்த்து "நானும் கிழமைக்கு மூன்று கிலோமீற்றர்தான் நீந்துவேன்" என்று நின்றால் சரிவராது. அந்த வயதில் நான்கு நீச்சல் வகைகளும் பழகவேண்டும், 200 மீற்றரும் நீந்தவேண்டும், தண்ணீரில் நேரம் செலவழிக்கவேண்டும். மூச்சுத்திறனுக்குக் குறுந்தூரத்திலும் ஒரு வேலை உண்டு. ஒரு தரம் நீந்தி முடித்ததும் கிரியேட்டின் பொஸ்பேட்டைத் திரும்ப நிரப்புவது ஒட்சிசன்தான். அடித்தளம் நல்லாயிருந்தால் அடுத்த தரத்துக்கு விரைவில் ஆயத்தமாகலாம். காலை முதற்சுற்று, மாலை இறுதிச்சுற்று, இடையில் அஞ்சல் நீச்சல் என்று ஒரே நாளில் மூன்று நான்கு தரம் இறங்கும் பிள்ளைக்கு இது கைகொடுக்கும்.

சரி, பயிற்சி எப்படி இருக்கவேண்டும்? அடிப்படை ஒரு எண்ணில் இருக்கிறது. கிரியேட்டின் பொஸ்பேட் பாதி அளவு மீள ஏறத்தாழ அரை நிமிடம். முழுவதும் மீள மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம், சிலவேளை அதற்கும் மேல். ஆகவே முழு வேகத்தைப் பழக்குவதென்றால், 15 மீற்றர் நீந்திய பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடமும், 25 மீற்றர் நீந்திய பிள்ளைக்கு நான்கு நிமிடம் வரையிலும் ஓய்வு கொடுக்கவேண்டும். ஆறுதலாக உடம்பைச் சூடாக்கி, நுட்பப் பயிற்சி கொஞ்சம் செய்து, அப்புறம் மேடையிலிருந்து பாய்ந்து 15 மீற்றர் ஆறு தரம், 25 மீற்றர் நான்கு தரம், கடைசியில் மெதுவாக நீந்தி முடித்தல். மொத்தம் ஒன்றரைக் கிலோமீற்றர் வந்தால் பெரிது. கரையில் இருக்கிற அப்பாவுக்கு "பிள்ளை சும்மா நிண்டு கதைக்குது, இதுக்கா காசு கட்டினனான்?" என்று தோன்றும். அந்த நிற்பதுதான் பயிற்சியின் பாதி. ஓய்வை வெட்டி அதே பத்துத் தரத்தை அரை நிமிட இடைவெளியில் செய்ய வைத்தால், மூன்றாவது தரத்திலிருந்து அது வேறு பயிற்சி ஆகிவிடும். பிள்ளைக்கு மூச்சு வாங்கும், பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். வேகம் மட்டும் வளராது.

எத்தனை தரம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை விட, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது நல்லது. அன்றைய நல்ல நேரத்திலிருந்து நூற்றுக்கு இரண்டு மூன்று வீதம் பின்னடைந்தால், அல்லது கை எண்ணிக்கை இரண்டு கூடினால், அன்றைக்கு அது போதும். நான்காவது தரத்தில் நிறுத்த வேண்டி வந்தாலும் நிறுத்துவதுதான் சரி.

100 மீற்றருக்கு வேறு ஒன்றும் வேண்டும். எரிகிற கையோடு நுட்பம் குலையாமல் நீந்தப் பழகவேண்டும். 50 மீற்றரை முழு வேகத்தில் நான்கு தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலைந்து நிமிடம் என்பது ஒரு வழி. 100 மீற்றர் போட்டியின் இரண்டாவது பாதி வேகத்தில் 50 மீற்றரை எட்டுத் தரம், ஒன்றரை இரண்டு நிமிட இடைவெளியில் என்பது இன்னொன்று. இப்படிச் செய்யச் செய்ய, தசை அமிலத்தன்மையைச் சமன்செய்யும் திறன் கூடுகிறது. ஆனால் இது உடம்பைப் பிழிந்துவிடும் வேலை. கிழமைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, நடுவில் முழுதாக இரண்டு நாள் இடைவெளி. தினமும் இதையே கொடுத்து "அடிச்சு எழுப்புகிற" பயிற்சியில் ஒரு மாதத்தில் நேரம் குறையும், மூன்றாவது மாதத்தில் பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கரையில் பலம் கூட்டுவதற்குப் பெரிய ஜிம் வேண்டுமென்றில்லை. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுத்தல், குந்திப் பாய்தல், கனமான பந்தைத் தலைக்கு மேலிருந்து தரையில் அடித்தல், தோளின் உள்தசைகளுக்கு ரப்பர் பட்டி. இவற்றையும் களைக்களைச் செய்யாமல், குறைந்த எண்ணிக்கையில் வேகமாகச் செய்யவேண்டும். பாய்ச்சலும் திரும்பிச் சுவரை உதைப்பதும் காலில்தான் இருக்கின்றன. சிறந்த ஆண் வீரர்கள் முதல் 15 மீற்றரை ஐந்து செக்கன் அளவில் கடந்துவிடுவார்கள். நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது அந்த இடத்தில்தான் என்பதைத் தடாகப் போட்டிகளைப் பார்த்த எவரும் ஒத்துக்கொள்வார்கள்.

அதற்குக் காரணம் கடல். உப்புவெளியிலும் டச்பேயிலும் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது, மூச்சுத்திறனும் தானாக வந்துவிடுகிறது. ஆனால் கடலில் சுவர் இல்லை, மேடை இல்லை, அளந்த தூரம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் அடர்த்தி கூடியதால் இடுப்பைத் தானே தூக்கிக் கொடுக்கும், காலடி மந்தமாக இருந்தாலும் தெரியாது. அதே பிள்ளை கொழும்பு சுகததாச தடாகத்தில் முதல் தரம் இறங்கும்போது "கால் தாழுது சேர்" என்று திகைத்துப் போகும். குளோரீன் தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை. இடுப்பையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்து உடம்பை நேராக வைக்கும் பலம் கடலில் பழகவில்லை. அதைக் கரையிலேயே பழக்கலாம். முழங்கையிலும் கால் விரலிலும் உடம்பைத் தாங்கிப் பலகை போல நிற்பதும், மல்லாந்து கிடந்து கைகால்களைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிப்பதும் நல்ல தொடக்கம்.

நம் கடலுக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதைப் பயிற்சியோடு சேர்த்துப் போடுவது புத்தி. ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. அந்த மாதங்களில் விடியற்காலையில், கச்சான் காற்று எழும்புவதற்கு முன், இரண்டு மிதவைகளுக்கு இடையில் அளந்த கயிறு கட்டி 15, 25 மீற்றர் முழு வேகம் பழகலாம். நீரோட்டம் நேரத்தைப் பொய்யாக்கும் என்பதால் போகத் தரமும் வரத் தரமும் சேர்த்துச் சராசரி பார்க்கவேண்டும், கையையும் எண்ணவேண்டும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது யாரையும் இறக்கக் கூடாது. அதைக் கரைப் பலத்துக்கான காலமாக வைத்துக்கொள்ளலாம்.

நம் கடலின் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. சர்வதேசப் போட்டித் தடாகங்களில் தண்ணீர் 25 தொடக்கம் 28 பாகை வரை இருக்கவேண்டும் என்பது விதி. இங்கே மே மாதத்தில் கடல் அதற்கும் மேலே போய்விடும். அந்தத் தண்ணீரில் கடுமையாக நீந்தும்போது உடம்பு வெப்பத்தை வெளியேற்றத் திணறும். வியர்க்கும், ஆனால் வியர்ப்பது தெரியாது. தலையிடியும் காலில் நரம்பு இழுப்பும் வரும்போது பலர் அதைப் பலவீனம் என்று நினைக்கிறார்கள். பயிற்சிக்கு முன்னும் நடுவிலும் தண்ணீர் குடித்திருந்தால் அது குறையலாம்.

மூச்சைப் பிடிக்கும் பயிற்சி பற்றி ஒரு எச்சரிக்கை. 50 மீற்றரில் முன்னணி ஆண்கள் ஒரு தரம் மூச்செடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகள் கடலில் அடியோடு நீந்திப் போட்டி வைக்கிறார்கள். இறங்கும் முன் பலமாகப் பல தரம் மூச்சு இழுத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது, காபனீரொட்சைட்டு மட்டும் குறைகிறது. மூச்செடு என்று உடம்பு எச்சரிப்பது காபனீரொட்சைட்டால்தான். அந்த எச்சரிக்கை வராமலே ஒட்சிசன் தீர்ந்து, தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் மயங்கிவிடுவார்கள். நல்ல நீச்சல்காரர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். தனியே கடலில் மூச்சுப் பிடிக்கும் விளையாட்டை எந்தப் பிள்ளையும் செய்யக் கூடாது. பயிற்றுவிப்பாளர்கள் இதைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும்.

களைப்பைத் தீர்ப்பது தண்ணீருக்கு வெளியே நடக்கிறது. வளரும் பிள்ளைக்கு எட்டு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும், பத்து என்றாலும் நல்லது. காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு பதினொரு மணி வரை வீட்டுவேலை என்று ஓடும் பிள்ளையின் கை ஏன் கனக்கிறது என்று கேட்கவே தேவையில்லை. பரீட்சை வருடத்தில் காலைப் பயிற்சிகளில் இரண்டை வெட்டிவிடுவது வேகத்துக்கும் நல்லது, படிப்புக்கும் நல்லது. சாப்பாட்டில் பயப்படவேண்டிய ஒரே விடயம் அது போதாமல் போவது. கிளைக்கோஜன் திரும்ப நிரம்ப ஒரு நாளாவது பிடிக்கும், அதற்கு மாச்சத்து வேண்டும். புட்டும் சோறும் இடியப்பமும் அதைத்தான் தருகின்றன. பக்கத்தில் மீனும் முட்டையும் பருப்பும் இருந்தால் புரதப் பவுடர் டப்பா எதற்கு? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பவுடர் விற்க வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடலாம். பெண்பிள்ளைகளில் இரும்புச்சத்துக் குறைவு சாதாரணமாகக் காணப்படுவது. விளக்கமில்லாமல் மாதக்கணக்கில் களைத்துப் போகும் பிள்ளையை இன்னும் கூட நீந்தச் சொல்வதற்கு முன் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும். மாதவிடாய் நின்று போனால் "பயிற்சி பிடிச்சிட்டுது" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும், சாப்பாடு காணாது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

பெரிய போட்டிக்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் நீந்தும் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைத்து, வேகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இந்தக் காலத்தில் வேகத் தசைநார்கள் பருத்து வலுப்பெறுவதை நாரைத் தனியே எடுத்து அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்திய கடைசி மூன்று கிழமைகளில் நீச்சல் வீரர்களின் நேரம் சராசரியாக 2.18 வீதம் முன்னேறியது என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. 27 செக்கனில் நீந்தும் பையனுக்கு அது அரைச் செக்கனுக்கு மேல். நம்மிடம் நடப்பது எதிர்மாறு. போட்டி நெருங்க நெருங்கப் பதற்றத்தில் பயிற்சியைக் கூட்டுகிறோம். பிறகு இரவு பஸ்ஸில் ஏற்றி, ஏறத்தாழ 260 கிலோமீற்றர் கால் மடக்கி உட்கார வைத்து, விடியக் கொழும்பில் இறக்கி, காலை முதற்சுற்றுக்கு விடுகிறோம். மாதக்கணக்கில் சேர்த்த அரைச் செக்கன் அந்த ஒரு இரவில் போய்விடும். முதல்நாள் மத்தியானமே புறப்பட்டு ஓர் இரவு அங்கே நித்திரை கொள்ள வழி செய்யவேண்டும். அந்த அறைக்கான காசை எங்காவது தேடிப் பிடிப்பது புதிய நீச்சலுடை வாங்குவதை விட அவசரம்.

போட்டி நாளில் முதற்சுற்று முடிந்ததும் பிள்ளையை உடனே உட்கார விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நீந்த விடுங்கள், லாக்டேட் விரைவாகக் கழியும். இடமில்லையென்றால் கைகளை வீசிக்கொண்டு நடக்கட்டும். வாழைப்பழம், தண்ணீர், நிழல். இறுதிச்சுற்றுக்கு முன் திரும்ப உடம்பைச் சூடாக்கவேண்டும். மேடைக்குப் போகும் வரை மேலே ஒரு துவாயோ சட்டையோ இருக்கட்டும்.

கடைசி ஐந்து மீற்றரில் மூச்செடுக்கவேண்டாம், தலையை நிமிர்த்தி மற்றவரைப் பார்க்கவேண்டாம். களைத்த கை அந்த இடத்தில் குறுகிக்கொள்ளப் பார்க்கும். முழுதாக நீட்டி, விரல் நுனியால் சுவரை அடித்துத் தொடுவதைப் பயிற்சியிலும் ஒவ்வொரு தரமும் செய்ய வைக்கவேண்டும், மெதுவாக நீந்தும் தரத்திலும் கூட. 2016 ரியோவில் 35 வயது அந்தோனி ஏர்வின் 50 மீற்றர் தங்கத்தை 21.40 செக்கனில் வென்றார். இரண்டாவதாகக் கையை நீட்டிய பிரான்ஸின் புளோரன் மனோடூவுக்கு 21.41.